எல்லைச் சாரின் சோப்பு

அவர் பிற்பாடு தன் நாட்டில் பெரிய ஆள் ஆனார். பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். ஊர் ஊராகக் குடிநீர் ஆய்வுக்கூடம் திறந்து வைத்தவர். ஒரு மந்திரியின் மேசையில் ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் வைத்து, "முதலில் நீங்கள் குடியுங்கள், பிறகு பேசலாம்" என்று சொன்னவர். இதெல்லாம் நான் கேள்விப்பட்டது. அந்த உத்தியோகத்தின் தொடக்கத்தை மட்டும்தான் கண்ணால் கண்டேன். அது பாறசாலைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு அடுக்களைப் புறத்தில், என் அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது நடந்தது.

நான் அப்போது வேதியியலில் பட்டம் வாங்கி, திருவனந்தபுரத்தில் ஒரு சுகாதார ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பட்டம் வாங்கிய பெண்ணுக்கு என்ன வேலை கொடுப்பது என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. அதனால் குப்பி கழுவக் கொடுத்தார்கள். கழுவினேன். அவ்வளவு சுத்தமான குப்பி அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்பு இருந்ததில்லை. கோபத்தோடு கழுவினால் குப்பி நன்றாகப் பளபளக்கும்.

அங்கேதான் அவர் வந்து சேர்ந்தார். கோல்டு கோஸ்ட் என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட நாட்டுக்காரர், இன்றைய கானா. இந்திய அரசாங்கத்தின் உதவித்தொகையில் சென்னையில் மேற்படிப்பு படித்துவிட்டு எங்களிடம் பயிற்சிக்கு வந்தவர். உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர், சட்டைக்கு எப்போதும் கஞ்சி போட்டிருப்பார். அவர் நாட்டில் எண்ணெய்ப் பனை விளையும் என்பதால் எங்கள் தலைமை வேதியியலாளர் அவரைத் தேங்காய் எண்ணெய்ப் பிரிவில் உட்கார வைத்தார். அவருக்கு எண்ணெயில் மனம் ஒட்டவில்லை. தண்ணீர்தான் வேண்டும் என்றார்.

"எங்கள் கரையில் கப்பலேறுகிற ஒவ்வொரு மூட்டைக்கும் பரிசோதகர் உண்டு. மூட்டையைச் சுமக்கிறவன் குடிக்கிற தண்ணீரைப் பார்க்க ஒருவரும் இல்லை. நான் அந்த வேலையோடுதான் திரும்ப வேண்டும்," என்று ஒருநாள் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மழைக்காலம் முடிந்தால் அவருடைய ஊரில் சவப்பெட்டி செய்கிறவனுக்குத் தூக்கமே கிடையாதாம்.

பெரிய சார் என்று நாங்கள் சொல்லும் தலைமை வேதியியலாளருக்கு இது பிடிக்கவில்லை. தண்ணீர் என்பது சுகாதார இன்ஸ்பெக்டரின் வேலை, எண்ணெய்தான் வேதியியலாளரின் வேலை என்பது அவர் கொள்கை. ஆனாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில் ஒரு ஊரில் வயிற்றுப்போக்கு பரவியிருக்கிறது. எந்தக் கிணற்றால் என்று ஆதாரத்தோடு சொன்னால் தண்ணீர்ப் பிரிவு, இல்லையென்றால் எண்ணெய்க்கே திரும்ப வேண்டும். அந்த ஊர் என் ஊர். அதனால் நான் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியாக, அதாவது குப்பி சுமக்க, கூடப் போனேன்.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவிதாங்கூரின் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் அது துப்பாக்கி வரை போனது; அங்கே செத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராது. எங்கள் ஊரோ இரண்டு பாஷையும் கலந்து கிடந்த இடம். அடிக்க ஆள் தேடினால் சொந்தக்காரன்தான் அகப்படுவான். அதனால் போராட்டம் பேச்சோடு நின்றது. பேச்சுக்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

தமிழ்க் கட்சிக்கு எங்கள் ஊரில் தலைவர் என் அப்பா. மிஷன் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். மலையாளக் கட்சிக்குத் தலைவர் என் மாமா, அம்மாவின் தம்பி. முக்கில், அதாவது ரோடு பிரிகிற இடத்தில், சாயாக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், நாங்கள் கோயில் என்போம், இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஒரே பாட்டை ஒரே ராகத்தில் அப்பா தமிழிலும் மாமா மலையாளத்திலும் பாடுவார்கள். கடைசி அடியை யார் அதிகம் நீட்டுவது என்ற போட்டியில் போதகர் கையமர்த்த வேண்டியிருக்கும்.

கிணறும் இப்படித்தான் பிரிந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு கிணறு, மாமாவின் கடைக்கு எதிரே ஒரு கிணறு. பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் கடுத்தது. துணி வெளுக்காது, பருப்பு வேகாது. முக்குக் கிணற்றுத் தண்ணீர் இளநீர்போல இருக்கும். போராட்டம் சூடுபிடித்ததும், தமிழ்க் கட்சி வீடுகள் இனிப் பள்ளிக் கிணற்றில் மட்டுமே தண்ணீர் கோர வேண்டும், அதாவது இறைக்க வேண்டும், என்று அப்பா தலைமையில் முடிவானது. கடுத்தாலும் நம்முடையது என்று அப்பா பேசினார், கை தட்டினார்கள்.

இந்த நிலைமையில் நாங்கள் இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். ஊரில் ஏற்கெனவே ஒரு செய்தி பரவியிருந்தது: எல்லையைப் பற்றி விசாரிக்க டெல்லியிலிருந்து ஆள் வரப்போகிறார். வெளியூர்க்காரர் ஒருவர் தொப்பியும் தோல்பையுமாக இறங்கியதும் இவர்தான் அவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் எந்த நாட்டுக்காரர் என்று நான் சொன்னது அந்த முடிவை இன்னும் பலப்படுத்தியது.

"தமிழனை வச்சா தமிழனுக்குச் சொல்லுவான். மலையாளியை வச்சா மலையாளிக்குச் சொல்லுவான். வடக்கனுக்கு ரெண்டு பேரையும் பிடிக்காது. அதுகொண்டாக்கும் ஆப்பிரிக்காவில இருந்து ஆளை எறக்கியிருக்கு," என்றார் மாமா.

"அது நியாயம்தான்," என்றார் அப்பா. அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மாமா, இவரு கெமிஸ்டு. கிணத்து வெள்ளம் பரிசோதிக்க வந்தவரு," என்றேன்.

"அதாக்கும் சூட்சுமம் மக்கா. எல்லை பாக்க வந்தேன்னு சொன்னா ஆளுவ உள்ளதைச் சொல்லுவாவளா?"

அன்று முதல் அவருக்கு எல்லைச் சார் என்று பெயர். நான் மறுத்து மறுத்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நீ அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவள், ரகசியம் காக்கிறாய் என்று என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ எழுத்து பொறித்த உடைந்த கல்லைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து அவர் காலடியில் இறக்கி, இது தமிழ் எழுத்து என்று சொல்ல, பக்கத்தில் நின்றவர் அது தன் வீட்டு அம்மிக்கல் என்று தூக்கிக்கொண்டு போனார். காரோடு என்ற ஊரிலிருந்து ஒரு கூடை மீன் வந்தது. பனச்சமூட்டிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, அங்கேயும் எல்லைத் தகராறு இருப்பதால் போகிற போக்கில் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொண்டார். அம்மா மட்டும் எல்லையைப் பற்றிக் கவலைப்படவில்லை. காட்டாக்கடையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்து இறந்துபோன தன் பெரியப்பாவின் சாயல் அவருக்கு அப்படியே இருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். நோய் வந்த வீட்டுக்காரர்கள் எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? அதை வீடு வீடாகக் கேட்கப் புறப்பட்டோம். கல்யாணமாகாத பெண் பிற ஆணோடு தனியாகச் சுற்றக்கூடாது என்று, தமிழ்க் கட்சி வீடுகளுக்கு அப்பாவும் மலையாளக் கட்சி வீடுகளுக்கு மாமாவும் துணைக்கு வந்தார்கள். இதைவிட நல்ல ஏற்பாட்டைச் சாத்தானே செய்திருக்க முடியாது.

"எந்தக் கிணத்து வெள்ளம் குடிக்கிறீங்க?" என்று நான் கேட்பேன். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்க்காமல், நடையில் நிற்கும் அப்பா முகத்தைப் பார்ப்பாள்.

"பள்ளிக் கிணறு."

"பிள்ளைக்கு?"

"அதுக்கும் பள்ளிக் கிணறு."

"மாட்டுக்கு?"

"மாடும் நம்ம ஆளாக்கும்," என்பார் அப்பா.

மாமாவோடு போன வீடுகளில் எல்லாரும் "முக்குக் கிணறு தன்னெ" என்றார்கள். நோய் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்காளை அன்றைக்குத்தான் கட்டிலோடு தூக்கி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளுடைய மாமியாரும் பள்ளிக் கிணறு என்றே சத்தியம் செய்தாள்.

இரண்டு கிணற்றிலும் தண்ணீர் எடுத்துத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ப் பரிசோதித்தோம். பள்ளிக் கிணற்றில் ஒரு கெடுதலும் இல்லை. முக்குக் கிணற்றில் மனிதக் கழிவு கலந்திருந்தது. காரணமும் எளிதில் தெரிந்தது. டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டாமா என்று மாமா கடைக்குப் பின்னால் புதிதாக ஒரு கக்கூஸ் கட்டியிருந்தார். ஊரிலேயே முதல் கக்கூஸ். அதற்குக் குழி தோண்டிய இடம்தான் கிணற்றுக்கு மேட்டில் அமைந்துவிட்டது. இன்னும் எந்தப் பெரிய மனிதரும் வரவில்லை என்றாலும் மலையாளக் கட்சிக்காரர்கள் முறைவைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் பள்ளிக் கிணற்றில் குடிக்கிறவர்களுக்கு ஏன் நோய் வந்தது? பெரிய சார் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோயாளிகளில் பாதிப் பேர் சுத்தமான கிணற்றில் குடிக்கிறவர்கள் என்றால் உங்கள் பரிசோதனைதான் அசுத்தம் என்றார். இன்னும் ஒரு தடவை போய் வரலாம், அதோடு எண்ணெய்.

எல்லைச் சார் தன் மேசைக்குத் திரும்பிக் கணக்கையெல்லாம் முதலிலிருந்து சரிபார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக என்னிடம் கேட்டார்: "குப்பிகள் சரியாகக் கழுவப்படாமல் இருக்க வாய்ப்புண்டா?"

நான் கழுவிய குப்பிகளைப் பற்றி. அடுத்த பஸ் பயணம் முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. பாலராமபுரம் தாண்டும்போது ஒரு கடலைப் பொட்டலம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், பேசவில்லை.

இந்தத் தடவை அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். சாப்பிடுமுன் கை கழுவ எல்லைச் சார் அடுக்களைப் புறத்துக்கு வந்தார். அம்மா செம்பில் தண்ணீர் ஊற்ற, அப்பா துண்டோடு நிற்க, அவர் சோப்பைக் கையில் தேய்த்தார். நுரை பொங்கியது. அவர் கையை நிறுத்திப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். மறுபடி பொங்கியது. முதல் தடவை வந்தபோது கோயில் பக்கத்தில் பள்ளிக் கிணற்றுத் தண்ணீரில் கை கழுவியிருந்தார். அங்கே சோப்பு கூழாங்கல்லைப்போல வழுக்கிக்கொண்டு போனதே தவிர நுரைக்கவே இல்லை. கடுத்த நீரில் சோப்பு நுரைக்காது என்பது எண்ணெய்ப் பிரிவில் உட்கார்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அவிய நாட்டில இப்பிடித்தான் கழுவுவாவ போல," என்றார் அப்பா என்னிடம்.

"இது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேளுங்கள்," என்றார் அவர்.

கேட்டேன். "பள்ளிக் கிணறு," என்றார் அப்பா நெஞ்சை நிமிர்த்தி. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வானத்தைப் பார்த்தாள். மேகமூட்டம் எப்படி என்று பார்க்கிற பார்வை அல்ல அது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

சாப்பிட்டு முடித்து அப்பா கண்ணயர்ந்ததும், அவர் தோல்பையிலிருந்து சோப்புக் கரைசலை எடுத்து, எங்கள் குடத்துத் தண்ணீரில் சில சொட்டு விட்டுக் குப்பியைக் குலுக்கினார். நுரை கழுத்துவரை ஏறி அப்படியே நின்றது. முக்குக் கிணற்றுத் தண்ணீரேதான். அவருடைய சிரிப்பை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். குப்பி சுத்தமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவரோடு பேசத் தொடங்கினேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "மக்கா, பள்ளிக் கிணத்து வெள்ளத்தில பருப்பு வேவாது. அந்தி வரை வெறகு எரிச்சாலும் வேவாது. நான் என்ன செய்யட்டு?"

"நீ எப்பம் போய்க் கோருவே?"

"கிழக்கு வெளுக்கும் முன்னே."

"வேற ஆரெல்லாம் வருவாவ?"

"எல்லாவளும் உண்டு. கட்சிச் செயலாளருக்க பெஞ்சாதி எனக்கு முன்னே வந்து நிப்பா." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அந்த சாரிட்ட சொல்லு, இது வெளிய போகப்பிடாது. உனக்க அப்பா கேட்டா நெஞ்சு நின்னு போவும். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன மனுசனாக்கும்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்து, எந்த வீட்டின் பெயரும் தன் வாயிலிருந்து வராது என்றார். அதற்குப் பதிலாக அவரும் ஒன்று கேட்டார்: இன்றுமுதல் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும், கிணற்றடியில் சந்திக்கிற பெண்களிடமும் சொல்ல வேண்டும். அம்மா தலையாட்டினாள்.

ஒரு வீடு போதாது. மற்ற வீடுகளையும் பார்க்க வேண்டும். கேட்டால் பொய்தான் வரும். அதனால் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். நோய் வந்த ஒவ்வொரு வீட்டிலும் ஏறி, கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார், அவ்வளவுதான். பையிலிருந்து ஒரே சோப்பு. கழுவுவார், கையைப் பார்ப்பார், நன்றி சொல்லி இறங்குவார். தமிழ்க் கட்சி வீடு, மலையாளக் கட்சி வீடு, எல்லா வீட்டிலும் நுரை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், எல்லைச் சார் யார் வீட்டில் கை கழுவுகிறாரோ அந்தப் பக்கம் தீர்ப்பு சாய்கிறது என்று. இரண்டு கட்சியும் கணக்குப் பார்க்கத் தொடங்கின. கை கழுவாமல் விட்ட வீட்டுக்காரர்கள் வந்து அப்பாவிடம் முறையிட்டார்கள். மாமா பாறசாலையிலிருந்து வாசனைச் சோப்பு வரவழைத்து, புதுத் துவர்த்துத் துண்டும் வைத்துக்கொண்டு கடை வாசலில் காத்திருந்தார். எல்லைச் சார் வாசனைச் சோப்பை வணங்கி மறுத்துத் தன் சோப்பையே எடுத்ததும், பாரபட்சம் இல்லாத ஆள் என்று புகழ் இன்னும் ஏறியது. அன்று மாலை அவருடைய உள்ளங்கை ஊறி வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. கோயில் மூப்பர் ஒருவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "தீர்ப்பு சொல்லுதவன் கை கழுவினா நல்லதுக்கில்ல கேட்டியா," என்று, வேதாகமத்தில் கை கழுவிய நீதிபதியை நினைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதற்குள் கோயில் அசனம் நெருங்கிவிட்டது. அசனம் என்றால் திருவிழா முடிவில் ஊருக்கே போடுகிற பொதுச்சாப்பாடு. எந்த மதம், எந்த ஜாதி என்ற கேள்வி இல்லாமல் சுற்றுவட்டாரம் முழுக்க வந்து பந்தியில் உட்காரும். பருப்பு குழைய வேகவேண்டும் என்பதால் அசனத்துக்கு மட்டும் முக்குக் கிணற்றுத் தண்ணீர் என்பது பழைய வழக்கம். போராட்டத்திலும் அதை மாற்றவில்லை. சோறும் குழம்பும் கொதித்துவிடும், பயமில்லை. ஆனால் சம்பாரம் என்ற நீர்மோரைப் பெரிய அண்டாக்களில் பச்சைத் தண்ணீர் விட்டுத்தான் கலக்குவார்கள். பச்சிளங் குழந்தை வரை அதைக் குடிக்கும்.

"அந்தக் கிணற்றை அதற்கு முன்னால் மூடியாக வேண்டும்," என்றார் அவர். "இல்லாவிட்டால் அந்தப் பந்தியில் எத்தனை பேர் விழுவார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது." அன்று அவர் குரலில் எண்ணெயும் இல்லை, தண்ணீர்ப் பிரிவும் இல்லை. தன் ஊரின் மழைக்காலத்தைத்தான் அவர் கண்ணில் பார்த்தேன்.

போதகரிடம் சொல்லிக் கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டோம். எல்லைத் தீர்ப்பு வாசிக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு வெள்ளறடையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர் ஆங்கிலத்தில் பேச, நான் முதலில் தமிழிலும் பிறகு மலையாளத்திலும் சொன்னேன். தமிழில் சொன்னதுமே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் மாமா, மலையாளத்தில் வருகிறவரை விளங்காதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முக்குக் கிணறு கெட்டிருக்கிறது, அதை இறைத்து, கக்கூஸ் குழியை மூடி, பிளீச்சிங் பவுடர் போடும்வரை யாரும் தொடக்கூடாது என்றார். முற்றம் இரைந்தது. மாமா எழுந்தார்.

"ஒரு சந்தேகம். எங்க கிணறு கெட்டதுன்னு சொல்லுதாவ. சரி. எங்க கிணத்தைத் தொட்டே பாக்காத அத்தானுக்க ஆளுவளுக்கு எதுக்கு வயித்தால போகுது? அதை இந்தச் சார் சொல்லட்டு. இல்லேன்னா இது எங்க கிணத்தைப் பூட்ட வந்த வேலையாக்கும்."

கை தட்டல் எழுந்தது. கேள்வி நன்றாக இருந்ததால் தமிழ்க் கட்சிக்காரர்களும் தட்டினார்கள். பெரிய சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்விதான்.

பதில் எல்லைச் சாருடைய பைக்குள் இருந்தது. இன்ன வீடு, இன்ன வீடு என்று சொன்னால் போதும். கிணறும் மூடப்படும், அவர் பிழைப்பும் நிற்கும். அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனிதர்களுடைய மானத்துக்காக அந்த அண்டா மோரை ஊர்க் குழந்தைகள் குடிக்க வேண்டுமா? நான் வாயைத் திறந்தேன். "வேண்டாம்," என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லி என்னைத் தடுத்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, தனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்றார். அதையும் நான் இரண்டு பாஷையிலும் சொன்னேன்.

ஆண்கள் பக்கத்தில் என் அப்பா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"என் வீட்டில முக்குக் கிணத்து வெள்ளமாக்கும் குடிக்கிறோம்," என்றார்.

எல்லாத் தலைகளும் அப்பா பக்கம் திரும்பின.

"பள்ளிக் கிணத்து வெள்ளத்தில சாயா போட்டா மேலே பாலாடை மாதிரிப் பாடை கெட்டும். என் வீட்டுச் சாயாவில ஒரு நாளும் பாடை கெட்டினதில்ல. எனக்கு நாக்கு உண்டு. என் கட்சியில உள்ள மத்தவங்களுக்கும் நாக்கு உண்டு. எழும்பிச் சொல்லணும்."

பிறகு கட்சிச் செயலாளர் எழுந்து, தன் வீட்டிலும் அப்படி இருக்கலாம் என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். எழுப்புதல் கூட்டத்தில் சாட்சி சொல்வதுபோல வரிசையாக எழுந்தார்கள்.

மாமாவுக்கு முதலில் தலைகால் புரியவில்லை. "கேட்டீங்களா, தமிழ்க் கட்சி மொத்தமும் நம்ம வெள்ளத்திலாக்கும் நிக்குது," என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர், அப்படியென்றால் ஊர் மொத்தத்தையும் படுக்க வைத்தது தன் கக்கூஸ்தான் என்று நடுவழியில் உணர்ந்தார். முகம் சுருங்கிவிட்டது. இறங்கிப் போய், கிணற்றுக் கப்பியிலிருந்து கயிற்றைத் தன் கையாலேயே உருவிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அசனத்துக்குப் பள்ளிக் கிணற்றுத் தண்ணீர். பருப்பு பல்லில் கடிபட்டது. சாப்பிட்ட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்காளும் பிழைத்து வந்தாள்.

பெரிய சார் அவருக்குத் தண்ணீர் மேசையைக் கொடுத்தார். தனக்கு உதவியாள் வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டு வாங்கியதால் குப்பி கழுவுவதிலிருந்து எனக்கும் விடுதலை கிடைத்தது. ஒரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். வேண்டிய வேலையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கப்பலேறினார். சந்தோஷமாகத்தான் வழியனுப்பினேன், வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்த அன்று எங்கள் வீட்டில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அப்பா மானஸ்தனாக வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா எதிரே வந்து நின்றாள்.

"உமக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பம் இருந்து?"

"ஆதி முதலே தெரியும்."

"அப்பம் போன மழையில நான் இருட்டில வழுக்கி விழுந்து முட்டு ஒடைஞ்சு கெடந்தேனே. அப்பவும் தெரியுமா?"

அப்பா கொஞ்சம் தயங்கினார். "தெரியும்."

"பெறகு எதுக்கு வாயைத் தெறந்து மிண்டாம இருந்தீரு?"

"மிண்டினா நீ கோர மாட்டே. சாயா நின்னு போவும்," என்றார் அப்பா. அவர் கபடமில்லாதவர். அதை மெய்யாகவே ஒரு பதிலாக நினைத்துச் சொன்னார்.

அம்மா அழவில்லை, கத்தவில்லை. அடுக்களைக்குப் போய்க் குடத்தை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். "இனி நீரு கோரும்," என்றாள். "பட்டப்பகலில கோரும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அம்மா தண்ணீர் எடுக்கவில்லை. முதலில் அப்பா பள்ளிக் கிணற்றுக்குப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். முக்குக் கிணற்றைச் சுத்தம் செய்து திறந்ததும் அங்கே போனார். தமிழ்க் கட்சித் தலைவர் மேடையில் பேசுகிற அதே கறுப்புக் கரை வேட்டியோடு, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, எதிர்க்கட்சிக் கடை முன்னால் நடப்பதைப் பார்க்கவே மாமா கடையில் கூட்டம் கூடியது. அப்பா யாரையும் பார்க்க மாட்டார். நேராக நடப்பார்.

பிற்பாடு உண்மையான எல்லை வந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. எல்லைச் சாரைக் கப்பலேற விட்டதுதான் தப்பு என்று ஊரில் வெகுநாள் பேசினார்கள். எல்லைச் செய்தி வந்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. சாயங்காலம் வரை நாற்காலியிலேயே இருந்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா வெறும் குடத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இன்றைக்காவது விட்டுவிடேன் என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் விடவில்லை.

அப்பா எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு முக்குக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கடையில் வெற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவரைக் கண்டதும் நின்றது. மாமா இறங்கி வந்தார். ஏதாவது சொல்லிவிடப் போகிறாரே என்று பயந்தேன். அவர் அப்பா கையிலிருந்து கயிற்றை வாங்கிக் கோரி ஊற்றினார். அப்பா போதும் என்று சொல்லவில்லை. குடம் நிறைந்து வழிந்து அவர் வேட்டி நனைந்தது, மாமாவும் நிறுத்தவில்லை.

வீட்டில் அம்மா, வேட்டி எப்படி நனைந்தது என்று கேட்கவில்லை. குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சாயாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.